வாய்வு என்று காத்திருக்காதீர்கள்

(மணவூரில் தம்பதியர் கூட்டத்தில் பேசியது)



குடும்ப நலக் கூட்டம் என்றதும், ஆபரேஷன், லூப், மாத்திரை என்று பேசப் போகிறார்கள் என நினைத்துச் சிலர் பின்னாலே போய் உட்கார்ந்துவிட்டீர்கள். பரவாயில்லை, முன்னுக்கு வாருங்கள். இன்றைய பேச்சு வேறு.

அளவாகப் பெற்று வளமாக வாழ வேண்டும் என்று எங்கள் துறை வெகு காலமாகச் சொல்லி வருகிறது. நீங்களும் கேட்டீர்கள். ஒன்றோ இரண்டோ பெற்று, அவர்களைப் படிக்க வைக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் பையன் பத்தாவது படிக்கும்போது அப்பா போய்விட்டால், பெண்ணுக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில் அம்மா இல்லாமல் போனால், அது என்ன குடும்ப நலம்? பெற்ற பிள்ளைகளுக்குத் தாயும் தகப்பனும் இருந்து பார்ப்பதும் குடும்ப நலந்தானே!

ஆகவே இன்றைக்கு மாரடைப்பைப் பற்றிப் பேசுகிறேன். இந்தப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் 'குண்டெ நொப்பி' என்பார்கள். எந்தப் பாஷையில் சொன்னாலும் நோய் ஒன்றுதான். அதைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு விஷயத்தை மனசில் பதிய வைக்கத்தான் வந்திருக்கிறேன்.

மாரடைப்பு வந்த அந்த நேரத்தில் முதல் வைத்தியர் ஆஸ்பத்திரியில் இல்லை. உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவருக்கு வந்தால் மனைவி. அம்மாவுக்கு வந்தால் கணவர். அந்த முதல் வைத்தியர் அடையாளம் தெரிந்து, தயங்காமல் ஆளை ஆஸ்பத்திரிக்குச் சேர்த்தால் பிழைக்க வழி உண்டு. "காலையில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டால், எவ்வளவு பெரிய டாக்டர் இருந்தும் அவர் கையில் ஓரளவுதான் இருக்கும்.

பம்புசெட்டுக்கும் கரண்ட் வேண்டும்

நெஞ்சின் நடுவில், சற்று இடது பக்கம் சாய்ந்து, அவரவர் மூடிய கை அளவில் இருப்பது இருதயம். ராப்பகலாக, ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உடம்பு பூராவுக்கும் ரத்தத்தை இறைக்கிற பம்புசெட் அது. பம்புசெட் ஓடக் கரண்ட் வேண்டுமல்லவா? அதுபோல இருதயத்தின் சதை வேலை செய்யவும் ரத்தம் வேண்டும். அதற்கென்றே தனி ரத்தக் குழாய்கள் இருதயத்தின் மேல் ஓடுகின்றன.

பீடி, சிகரெட், புகையிலை, சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் கெட்ட கொழுப்பு, இவையெல்லாம் சேர்ந்து அந்தக் குழாய்களின் உட்சுவரில் வருஷக்கணக்காகக் கொழுப்பைப் படிய வைக்கின்றன. என்றைக்கோ ஒரு நாள் அந்தப் படிவில் வெடிப்பு விழுகிறது. அதன் மேல் ரத்தம் உறைந்து கட்டியாகிக் குழாயை அடைத்துவிடுகிறது. அதுதான் மாரடைப்பு. அடைப்புக்கு அப்பால் உள்ள சதைக்கு ரத்தம் நின்றுபோகிறது.

இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கழனிக்கு மடை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பயிர் உடனே செத்துவிடாது, வாடும். சீக்கிரம் மடையைத் திறந்தால் மறுபடி தலை தூக்கும். விட்டுவிட்டு, காய்ந்த பிறகு திறந்தால் தண்ணீர் பாயும், பயிர் எழுந்திருக்காது. இருதயச் சதையும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், பயிர் நாள் கணக்கில் வாடும்; இது நிமிஷக் கணக்கில் வாடும். அரை மணி நேரத்துக்குள்ளாகவே சதை சாகத் தொடங்கிவிடுகிறது. செத்த சதை திரும்ப முளைக்காது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மாரடைப்பு வந்தவர் உடனே கீழே விழுந்துவிடுவார் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. இருதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆள் பேசுவார், நடப்பார், "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று கோபிக்கவும் செய்வார். அதனால்தான் நாம் ஏமாந்துபோகிறோம்.

அடையாளங்கள்

மாரடைப்பு என்றால் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும் என்று நினைக்காதீர்கள். பலர் அதை வலி என்றே சொல்வதில்லை. "நெஞ்சு மேல நெல்லு மூட்டைய வெச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். "கயிறு போட்டு இறுக்குற மாதிரி", "நெஞ்சு அடைக்கற மாதிரி", "எரியற மாதிரி" என்பார்கள். எங்கே என்று கேட்டால் விரலால் தொட்டுக் காட்ட மாட்டார்கள். உள்ளங்கையையோ மூடிய கையையோ நெஞ்சு நடுவில் வைப்பார்கள். கவனிக்க வேண்டியவை இவை:

1. நெஞ்சின் நடுவில் பாரம், இறுக்கம், அழுத்தம், எரிச்சல். சில நிமிஷங்களுக்கு மேல் நீடிப்பது, அல்லது போய்ப் போய் வருவது.

2. அந்த நோவு இடது கைக்கோ, இரண்டு கைகளுக்குமோ, தோளுக்கோ, கழுத்துக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ, மேல் வயிற்றுக்கோ பரவுவது.

3. வெயிலும் இல்லை, வேலையும் இல்லை. ஆனாலும் சட்டை நனைகிற அளவுக்குச் சில்லென்று வேர்ப்பது.

4. மூச்சு வாங்குவது, படுத்தால் திணறுவது.

5. குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், கண் இருட்டுவது, முகம் வெளிறுவது.

எல்லா அடையாளமும் சேர்ந்து வரவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நெஞ்சுப் பாரத்தோடு வேர்வை இருந்தாலே போதும், கிளம்புங்கள். மேல் வயிற்றில் வரும்போதுதான் எல்லோரும் 'வாய்வு' என்று பெயர் வைக்கிறோம். வாய்வா, மாரடைப்பா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல டாக்டராலும் முடியாது. ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தம் சோதித்துத்தான் அவர் சொல்கிறார். அப்படி இருக்க, அடுப்படியில் நின்றுகொண்டு நாம் எப்படித் தீர்மானம் பண்ணலாம்?

வலியே இல்லாமலும் வரும்

இனிமேல் சொல்வதைத் தாய்மார்களும், தாய்மார்களைக் கட்டியவர்களும் நன்றாகக் கேளுங்கள்.

பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம். திடீரென்று காரணமில்லாத அசதி, மூச்சுத் திணறல், வேர்வை, வாந்தி, தாடை நோவு, முதுகு நோவு, இவ்வளவுதான் தெரியும். சர்க்கரை வியாதி நரம்பைக் கெடுப்பதால் வலி உறைக்காமலும் போகலாம்.

என் சொந்த அக்காளைப் பற்றிச் சொல்கிறேன். வெளியில் சொல்ல வெட்கப்பட வேண்டிய விஷயம், ஆனாலும் சொல்கிறேன். பொது சுகாதாரத்தில் டிப்ளமோ வாங்கி, ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொன்ன என் குடும்பத்திலேயே நடந்தது இது. அக்காளுக்கு அப்போது வயது ஐம்பத்து நாலு. பத்து வருஷமாகச் சர்க்கரை. ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, ராத்திரிச் சமையலுக்கு உட்கார்ந்தவளுக்குத் திடீரென்று வேர்த்துக் கொட்டியது. வயிற்றைப் புரட்டியது. தாடை இரண்டும் நொந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று மாமா சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். அவர் செய்தது தவறில்லை. ஆனால் குடித்தும் சரியாகவில்லை. ஒன்பது மணிக்கு எனக்குப் போன் போட்டார்கள்.

"நெஞ்சு வலிக்குதா அக்கா?" என்று கேட்டேன்.

"நெஞ்செல்லாம் வலிக்கலம்மா. அசதியாத்தான் இருக்கு. நீ தூங்கு, காலையில உனக்கு வேலைக்குப் போகணும் இல்ல" என்றாள்.

நானும் தூங்கிவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஈ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர், "எப்போலேர்ந்து?" என்று கேட்டார். "நேத்து ராத்திரி ஏழு மணியிலேர்ந்து" என்று மாமா சொன்னார். டாக்டர் ஒன்றும் பேசவில்லை, வேலையைப் பார்த்தார். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இருதயச் சதை பாதிக்கு மேல் போய்விட்டது. அதற்குப் பிறகு அக்காள் இரண்டு வருஷம் இருந்தாள். தோட்டத்துப் பக்கம் போய் வருவதற்குள் மூச்சு வாங்கும். ராத்திரி படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

நான் கேட்டது ஒரே கேள்வி. அதுவும் பொருந்தாத கேள்வி. "நெஞ்சு வலிக்குதா?" என்று மட்டும் கேட்டேன். "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி உடம்புக்கு வந்திருக்கா?" என்று கேட்டிருக்க வேண்டும். "இல்லம்மா, இப்படி வந்ததே இல்ல" என்று சொல்லியிருப்பாள். இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் வீட்டுப் பெண்கள் தனக்கு உடம்பு சரியில்லை என்று சுலபத்தில் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் சாப்பிடட்டும், மாடு கறக்கட்டும், அவர் கழனியிலிருந்து வரட்டும் என்று தள்ளிப் போடுவார்கள். ஆகவே ஐயா, உங்கள் மனைவி காரணமில்லாமல் வேர்த்துப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால், அவர் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே கேளுங்கள்.

மலைப்படி சொல்லும் எச்சரிக்கை

சிலருக்கு மாரடைப்பு வருவதற்குச் சில நாட்களோ வாரங்களோ முன்பாகவே உடம்பு எச்சரிக்கை கொடுக்கும். திருத்தணி மலைக்கு 365 படிகள் என்று உங்களுக்குத் தெரியும். போன ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மூச்சு விடாமல் ஏறியவர், இந்த வருஷம் நூறாவது படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் சரியாகிறது. மறுபடி ஏறினால் மறுபடி வருகிறது. இதற்கு வயசாகிவிட்டது என்று அர்த்தமில்லை. குழாய் குறுகிவிட்டது, கூடுதல் வேலைக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம்.

கரும்புக் கட்டைத் தூக்கும்போதும், சைக்கிள் மிதிக்கும்போதும், தண்ணீர்க் குடம் எடுத்து வரும்போதும் இப்படி வரலாம். புதிதாக வந்தாலோ, முன்னைவிட அடிக்கடி வந்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தால் அதை மாரடைப்பாகவே எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். "முருகன் பாத்துப்பார்" என்கிறீர்கள். நம்பிக்கை இருக்கட்டும். படியிலேயே எச்சரித்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறு மணி நேரம் எங்கே போகிறது?

இந்தியாவில் 50 நகரங்களைச் சேர்ந்த 89 ஆஸ்பத்திரிகளில் 20,000-க்கு மேற்பட்ட இருதய நோயாளிகளைக் கணக்கெடுத்து, அந்த ஆராய்ச்சியை 2008-இல் வெளியிட்டார்கள். அதில், குழாய் முழுதாக அடைபட்ட மாரடைப்புக்காரர்களில் பாதிப் பேர், கஷ்டம் தொடங்கி 360 நிமிஷத்துக்கு மேல் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். 360 நிமிஷம் என்றால் ஆறு மணி நேரம்! ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகு, கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்ற ஆன நேரமோ சுமார் 50 நிமிஷம்தான். டாக்டர் தாமதம் பண்ணினார் என்று நாம் சண்டைக்குப் போகிறோம். ஆறு மணி நேரத்தை யார் தொலைத்தது?

அந்த ஆறு மணி நேரம் வீட்டில் எப்படிப் போகிறது என்று நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பேச்சு எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான்.

"இன்னாங்க, ஏன் இப்டி வேர்க்குது?"

"ஒண்ணும் இல்ல, வாய்வு. ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு."

சோடா வருகிறது. ஓமத் தண்ணி வருகிறது. இஞ்சிச் சாறு வருகிறது. நெஞ்சில் தைலம் தேய்க்கிறார்கள். மணி பதினொன்று.

"புள்ளைக்கு ஒரு போன் பண்ணட்டுமா?"

"ராத்திரியில எதுக்கு? பயந்துடுவான்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு?"

"காலையில மொதல் வண்டியில மெட்ராஸ் போயிடலாம்."

மணவூரில் ரயில் நிற்கிறது. சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் அடிக்கடி வண்டி இருக்கிறது. அது நமக்கு வசதிதான். ஆனால் மாரடைப்பு வந்தவரை விடிகிற வரை வைத்திருந்து, ஸ்டேஷன் வரை நடத்தி, வண்டியில் நிற்க வைத்துச் சென்னைக்குக் கொண்டு போவது அவரை எமன் கையில் கொடுப்பதற்குச் சமம். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று தூரத்தைப் பார்க்காதீர்கள். முதல் உதவி கிட்டத்தில் கிடைக்கட்டும். அங்கிருந்து எங்கே அனுப்ப வேண்டுமோ அவர்களே அனுப்புவார்கள்.

உடனே செய்ய வேண்டியவை

1. செய்கிற வேலையை நிறுத்தி ஆளை உட்கார வையுங்கள். சுவரில் சாய்ந்து, முழங்காலை மடக்கி உட்காருவது நல்லது. சட்டைப் பொத்தானையும் இடுப்புத் துணியையும் தளர்த்திவிடுங்கள். நடக்கவோ, படி ஏறவோ விடாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று நினைவில் வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

2. 108-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2008-லிருந்து இந்த இலவச ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஆந்திராவிலும் இதே நம்பர்தான். நாம் எல்லையோரம் இருப்பதால் மாநிலம், மாவட்டம், ஊர், தெரு எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். கோயில், பள்ளிக்கூடம் என்று ஓர் அடையாளம் சொல்லுங்கள். ரயில்வே கேட் உள்ள ஊராக இருந்தால் எந்தப் பக்கம் வீடு என்றும் சொல்லுங்கள். ஒரு ஆளைத் தெருமுனையில் நிற்க வையுங்கள்.

3. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று தெரிந்தால், கார் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். டூவீலரில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள். வழியில் மயக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்? நோயாளி தானே வண்டி ஓட்டிக்கொண்டு போவதும் கூடவே கூடாது.

4. சோறு, சோடா, பால், பிராந்தி எதுவும் கொடுக்காதீர்கள். சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன், பிராந்தி கொடுத்தால் நெஞ்சுவலி போகும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

5. பக்கத்து வீட்டுக்காரர் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையைக் கடன் வாங்கிப் போடாதீர்கள். ரத்த அழுத்தம் குறைந்திருந்தால் அது ஆளைச் சாய்த்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையை 108-இல் பேசுபவரோ டாக்டரோ சொன்னால் கொடுங்கள். குடற்புண், ரத்தக்கசிவு, மாத்திரை ஒவ்வாமை இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

6. பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைக்காவிட்டால் அதைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். காப்பீட்டு அட்டையைப் பின்னால் கொண்டு வரலாம். பணம் புரட்டுவதற்காகவும் நிற்காதீர்கள்.

7. ஆள் நினைவு தப்பி விழுந்து, மூச்சு இல்லாமலோ, எப்போதாவது ஒரு தரம் ஏங்கினாற்போல் மூச்சு விட்டுக்கொண்டோ இருந்தால், தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்சின் நடு எலும்பின் மேல் ஒரு உள்ளங்கையை வைத்து, அதன் மேல் மற்றக் கையை வைத்து, முழங்கையை மடக்காமல், இரண்டு அங்குல ஆழத்துக்கு நன்றாக அமுக்கி அமுக்கி விடுங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். கை ஓய்ந்தால் அடுத்தவர் தொடரட்டும்.

விடாமல் இருமினால் மாரடைப்பு நின்றுவிடும் என்று செல்போனில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதை நம்பி உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்காதீர்கள். இருமுகிற நேரத்தில் 108-க்குப் பேசிவிடலாம்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

"போனா மட்டும் என்ன பண்ணிடப் போறாங்க?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். இப்போது நிறைய செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 2023-லிருந்து 'இதயம் காப்போம்' என்ற திட்டம் நடக்கிறது. நெஞ்சுவலியோடு வருபவர்களுக்கு, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலுமே முதல் வேளை மருந்து கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8, ஆக மொத்தம் 14 மாத்திரைகள். முதல் இரண்டும் ரத்தக் கட்டி மேலும் பெருகாமல் தடுக்கும், மூன்றாவது கொழுப்புக்கானது. கணக்குத் தெரிந்துவிட்டது என்று கடையில் வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பார்த்துக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு.

அதன் பிறகு ஈ.சி.ஜி. எடுப்பார்கள். முதல் ஈ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் மறுபடி எடுப்பார்கள், ரத்தம் சோதிப்பார்கள். "ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்று பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள். அடைப்பு உறுதியானால் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து போடுவார்கள். அல்லது, கை அல்லது தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, அடைபட்ட இடத்தைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்னும் சின்னக் கம்பிவலையை வைப்பார்கள். இதைத்தான் ஆஞ்சியோபிளாஸ்டி என்கிறார்கள். கரைக்கும் மருந்து முதல் 12 மணி நேரத்துக்குள் பலன் தரும். முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் போட்டால்தான் பலன் அதிகம்.

2012 முதல் 2014 வரை நம் தமிழ்நாட்டிலேயே ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய இருதய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, ஆம்புலன்சையும் சேர்த்து, நோயாளி எங்கே வந்தாலும் சீக்கிரம் சிகிச்சை கிடைக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். 2,420 நோயாளிகளைக் கணக்கில் எடுத்தார்கள். ஏற்பாட்டுக்கு முன்பு ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 பேர்; ஏற்பாட்டுக்குப் பின்பு 14.2 பேர். அதாவது ஆயிரம் பேருக்கு முப்பத்து நாலு உயிர் மிச்சம். வாசலுக்கு வந்த பிறகு டாக்டர்கள் தங்கள் பங்கைச் சீர் செய்ததால் கிடைத்த பலன் இது. வாசல் வரைக்குமான பங்கு நம்முடையது.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கு வைத்தியம் உண்டு. திருவள்ளூரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தகுதி உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டியும் சேர்த்தி.

பிழைத்து வந்த பிறகு

தம்பதிகள் வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிற ஒரு சந்தேகம் உண்டு. மாரடைப்பு வந்தவர் மறுபடி இல்லற வாழ்க்கை நடத்தலாமா என்பது. பயந்து ஒதுங்கியே இருந்துவிட வேண்டியதில்லை. மூச்சு வாங்காமல், நெஞ்சு நோவாமல் இரண்டு மாடிப் படி ஏறும் அளவுக்குத் தேறியவர்களுக்குப் பெரும்பாலும் தடை இல்லை. எப்போது என்று உங்கள் டாக்டரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள். ஆனால் இதற்கென்று கடையில் விற்கும் மாத்திரைகளை இருதய மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். உயிருக்கே ஆபத்து.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ரத்தக் கொதிப்பு இருந்தாலோ, 35 வயதுக்கு மேல் புகை பிடிக்கும் பழக்கம் இருந்தாலோ அந்த மாத்திரை உங்களுக்கு ஏற்றதல்ல. நர்ஸம்மாவிடம் சொன்னால் வேறு முறை சொல்லித் தருவார்கள்.

முப்பது வயதைத் தாண்டிய எல்லோரும் பி.பி.யையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். இருந்தால் மாத்திரையை விடாதீர்கள். 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பீடி, புகையிலையை இன்றோடு விடுங்கள். உப்பையும் எண்ணெயையும் குறையுங்கள்.

இன்று ராத்திரி பேசிக்கொள்ளுங்கள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டபின், பிள்ளைகள் தூங்கினபிறகு, நீங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்ளுங்கள். ராத்திரியில் நெஞ்சு கனத்தால் யாரைக் கூப்பிடுவது, யாரிடம் கார் இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரி கிட்டத்தில் ராத்திரியிலும் திறந்திருக்கிறது, பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று இன்றைக்கே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க மனசு ஓடாது.

கூடவே ஒரு சத்தியமும் பண்ணிக்கொள்ளுங்கள். "எனக்கு ஒண்ணும் இல்லன்னு நான் சொன்னாலும் நீ கேக்காதே, வண்டிக்குச் சொல்லு" என்று அவர் சொல்லட்டும். "நான் சொல்லாம இருந்தாலும் நீங்க என்னைக் கேளுங்க" என்று அம்மா சொல்லட்டும்.

போய்ப் பார்த்து, கடைசியில் அது வெறும் வாய்வாகவே இருந்துவிட்டால்? இருக்கட்டுமே! சிரித்துக்கொண்டு வீடு திரும்பலாம். எந்த டாக்டரும் அதற்காகக் கோபிக்க மாட்டார், கோபித்தால்தான் என்ன? வீண் அலைச்சல் ஒரு ராத்திரியோடு போகும். வீண் தாமதத்தை எத்தனை வருஷமானாலும் மறக்க முடியாது. என் வீட்டில் நான் அதைக் கற்றேன். உங்கள் வீட்டில் நீங்கள் அதைக் கற்க வேண்டாம்.

நெஞ்சு கனத்தால் வாய்வு என்று காத்திருக்காதீர்கள். உடனே 108.

எல்லோரும் நீடூழி வாழ்க!